தினமும் புழங்குகிற பொருட்களில் உங்களுக்கு மனசுக்குப் பிடித்துப்போனது எது? துணி, சாப்பாடு, கைவேலை எதுவானாலும் எழுதுங்கள்

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். பீரோவில் பூட்டி வைத்துக் கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கிற பொருட்களுக்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. உடுத்துவது, சமைப்பது, தின்பது, கையால் செய்வது என்று அன்றாடம் புழங்குவதில் உங்களுக்கு மிகவும் பிடித்துப்போன ஒன்றைப் பற்றி எழுதுங்கள். படத்தைப் போட்டு 'அருமை' என்று முடித்துவிட வேண்டாம். அதை எப்படிச் செய்கிறார்கள், நல்லதை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது என்றும் சொன்னால் அடுத்தவர் கடைக்குப் போகும்போது உதவும்.

நானே தொடங்குகிறேன். எனக்குக் கையால் முடிச்சுப் போட்ட மதுரைச் சுங்குடி. சுங்குடி என்ற பெயரில் கடைகளில் அடுக்கியிருப்பதில் பெரும்பாலானவை அச்சுச் சேலைகள். மெழுகு அச்சு, கட்டை அச்சு, ஸ்கிரீன் பிரிண்ட் எல்லாம் உண்டு. முடிச்சுச் சுங்குடி வேறு. பருத்திச் சேலையை மடித்து, புள்ளி வரவேண்டிய இடத்தில் துணியை நகநுனியால் துளியூண்டு கிள்ளி எடுத்து, அதைச் சுற்றி நூலை இறுக்கிக் கட்டுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். நெருக்கமான வேலைப்பாடு என்றால் 10,000, 20,000 வரைகூடப் போகும். அப்புறம் சாயத்தில் முக்குவார்கள். நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாது. முடிச்சை அவிழ்த்தால் அங்கே வெள்ளைப் புள்ளி நிற்கும்.

இந்த வேலை சௌராஷ்டிர சமூகத்துக் குடும்பங்களின் கைவேலை. குஜராத்திலிருந்து படிப்படியாகத் தெற்கே வந்த நெசவாளர்கள் நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறி, திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் தறியும் சாயமுமாக வாழ்ந்தார்கள். முடிச்சுப் போடுவது பெரும்பாலும் பெண்கள்தான், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி. மதுரை வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான சேலையை நான் கட்டியதில்லை. வேலைக்குப் போகும்போதும் கட்டுகிறேன், சந்தைக்கும் கட்டுகிறேன். துவைக்கத் துவைக்கத் துணி இன்னும் இதமாகிறது.

பூவரசு:
அக்கா, கடையில் நின்று பார்க்கும்போது முடிச்சையும் அச்சையும் எப்படிப் பிரிப்பது? கடைக்காரரைக் கேட்டால் எல்லாமே ஒரிஜினல் என்கிறார்.

சாயக்காரத்தெரு:
பூவரசு, நான் பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகச் சாயத்தொழில்.

முதலில் புள்ளியைப் பாருங்கள். கையால் கட்டிய புள்ளி கச்சிதமான வட்டமாக இருக்காது. கொஞ்சம் சதுரம் தட்டும், ஒன்று பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் இருக்கும். பல புள்ளிகளின் நடுவில் சாயத்தின் நிறத்திலேயே ஒரு பொட்டு இருக்கும். கிள்ளிய துணியின் உச்சியில் நூல் சுற்றாததால் அங்கே சாயம் பட்டுவிடும், அதுதான் அந்தப் பொட்டு. எல்லாப் புள்ளியும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தால் அது அச்சு.

இரண்டாவது, சேலையைத் திருப்பிப் பாருங்கள். சாயத்தில் முழுக்கிய துணி இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். மேலே அச்சிட்டதில் பின்பக்கம் வெளிறித் தெரியும். மெழுகு அச்சையும் சாயத்தில்தான் முழுக்குவார்கள், அதனால் அதில் இரு பக்கமும் ஓரளவு ஒத்துப்போகும். அங்கே புள்ளியின் வடிவம்தான் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, விரலால் தடவுங்கள். புதுச் சேலையில் முடிச்சு இருந்த இடம் சற்றே எழும்பி நிற்கும். இஸ்திரி போட்டாலும் முதல் சில துவைப்பு வரை அந்தச் சுருக்கம் முழுதாகப் போகாது. சில கடைகளில் பளபளவென்று தெரியக் கடுமையாக இஸ்திரி போட்டு வைத்திருப்பார்கள். அப்போது முந்தானையின் ஓரத்தில் தடவிப் பாருங்கள்.

நடுத்தெரு:
ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அச்சுச் சுங்குடியை ஏதோ போலிச் சரக்கு மாதிரிப் பேசுகிறீர்கள். என் அம்மா வாழ்நாள் முழுக்க அச்சுச் சுங்குடிதான் கட்டினார். வீட்டுவேலை, வயல்வேலை, ரேஷன் கடை வரிசை எல்லாமே அந்தச் சேலையில்தான். முடிச்சுச் சேலையின் விலை பல மடங்கு. அன்றாடம் புழங்குவது என்று இழை தொடங்கிவிட்டு, அன்றாடங்காய்ச்சிகள் வாங்க முடியாததைப் புகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சாயக்காரத்தெரு:
அம்மா கட்டிய சேலையைக் குறைத்துச் சொல்லவே மாட்டேன். அச்சும் ஒரு தொழில்தான். கட்டை அச்சை வரிசை தப்பாமல் பதிப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும். மெழுகின் சூடு கொஞ்சம் குறைந்தாலும் துணியில் சரியாக இறங்காது, கூடினால் பரவிவிடும். அச்சுச் சேலையை அச்சுச் சேலை என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் அச்சைக் காட்டி முடிச்சு என்று சொல்லும்போது, நாட்கணக்கில் குனிந்து உட்கார்ந்து முடிச்சுப் போட்ட பெண்ணின் கூலிதான் அடிபடுகிறது. வாங்குகிறவர் 'அதேபோல அங்கே இந்த விலைக்குக் கிடைக்கிறதே' என்று பேரம் பேசுவார். கடைசியில் முடிச்சுப் போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று அந்தப் பெண் வேறு வேலைக்குப் போய்விடுவார். எங்கள் தெருவில் அப்படி நின்றுபோன வீடுகள் பல.

மதுரைச் சுங்குடிக்கு 2005லேயே புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய சரக்கு என்ற அரசுப் பதிவு, கிடைத்துவிட்டது. கடைக்காரர் பொய் சொல்வது அதனால் நின்றுவிடவில்லை. வாங்குகிறவர் கேள்வி கேட்டால்தான் நிற்கும்.

நடுத்தெரு:
பெயரைச் சரியாகச் சொல்லி விற்க வேண்டும் என்பதை முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். விலையைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

வைகைக்கரை:
அது நியாயமான கருத்து. தொடர்ந்து பேசலாம்.

அடுப்படி ராணி:
நான் சமையலறைக்கு வருகிறேன். எனக்குப் பிடித்தது கல்சட்டி. மாக்கல்லைக் குடைந்து செய்கிற சட்டி. சேலம் பக்கத்திலிருந்து வருகிறது. வாங்கும்போது வெளிறிய சாம்பல் நிறத்தில் இருக்கும். எண்ணெயும் சூடும் ஏற ஏறக் கன்னங்கரேலென்று ஆகிவிடும்.

இதன் சிறப்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது. வத்தக்குழம்பு வைத்து அடுப்பை அணைத்த பிறகும் சில நிமிடங்களுக்குக் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் எந்தப் பதத்தில் அணைப்பீர்களோ, அதற்கு முன்பே இதில் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் குழம்பு இறுகிவிடும். புளி பட்டால் கறுக்கும், களிம்பு ஏறும் என்ற கவலை இதில் இல்லை. வத்தக்குழம்பு, கீரை மசியல், மோர்க்குழம்பு மூன்றும் என் வீட்டில் இப்போது கல்சட்டியில்தான். தயிர் தோய்க்கச் சிறிய சட்டி தனியாக உண்டு.

ஆனால் வாங்கிய அன்றே அடுப்பில் ஏற்றக்கூடாது. பழக்க வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விட்டுவிடும். நான் செய்கிற முறை இது: முதலில் வெறும் தண்ணீரில் கழுவி ஈரம் போகக் காயவைக்க வேண்டும். அப்புறம் மஞ்சள்தூளை விளக்கெண்ணெயில் குழைத்து உள்ளும் புறமும் அடியிலும் தேய்த்து ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும். மறுநாளிலிருந்து தினமும் சோறு வடித்த கஞ்சியைச் சூடாக ஊற்றி, ஆறும் வரை வைத்துக் கொட்ட வேண்டும். ஒரு வாரம் இப்படிச் செய்தால் கல் சூட்டுக்குப் பழகிவிடும். பிறகு தண்ணீர் ஊற்றி மிகச் சிறிய தீயில் கொஞ்ச நேரம் வைத்து இறக்குங்கள். அடுத்த நாள் சற்றுக் கூடுதல் நேரம். அதற்கப்புறம் சமைக்கலாம்.

கடையில் வாங்கும்போது விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே கீறல் இருக்கலாம். தண்ணீர் ஊற்றி அடியில் கசிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதை ஆன்லைனில் வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தட்டிப் பார்க்காமல் கல்சட்டி வாங்குவது எனக்கு ஒப்பவில்லை.

பூவரசு:
கேஸ் அடுப்பில் வைக்கலாமா? கழுவுவது எப்படி?

அடுப்படி ராணி:
தாராளமாக வைக்கலாம், எப்போதும் சிம்மில் தொடங்கிப் பிறகு கொஞ்சம் கூட்டுங்கள். காலிச் சட்டியைச் சூடாக்கக் கூடாது. சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது, ஈர மேடையிலும் வைக்கக் கூடாது. பிரிமணை மேல் இறக்குங்கள். கழுவ சோப்பு வேண்டாம். கல் எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரியே சோப்பு வாடையையும் உறிஞ்சிக்கொள்ளும். கடலைமாவோ அரப்புத்தூளோ தொட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் போதும்.

தேரிக்காட்டான்:
எங்கள் ஊர்ப் பக்கத்துச் சரக்கைப் பற்றி யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். உடன்குடிக் கருப்பட்டி.

பனையேறுகிறவரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் கருப்பட்டிக்குப் பேரம் பேச மனம் வராது. விடியும் முன்பே மரம் ஏறிப் பாளையை மெல்லிசாகச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்ட வேண்டும். பாளை சீவுவது தப்பினால் அடுத்த நாள் பதநீர் சுரக்காது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். சுண்ணாம்பு இருந்தால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் பதநீராக இருக்கும். சாயங்காலமும் ஏறியாக வேண்டும். இப்படி ஒருவர் ஒரு நாளில் எத்தனையோ மரங்கள் ஏறி இறங்குகிறார். கீழே வீட்டுப் பெண்கள் பதநீரை வடிகட்டி, அகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் காய்ந்த பனையோலையை எரித்து மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் (தேங்காய் ஓட்டில்) ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. அதனால்தான் அது அரைக்கோள வடிவில் இருக்கிறது. இந்தக் காய்ச்சலெல்லாம் கோடையை ஒட்டிய சில மாதங்கள்தான். அந்தச் சில மாதச் சம்பாத்தியத்தை வைத்துத்தான் ஆண்டு முழுக்க ஓட்ட வேண்டும்.

இப்போது சந்தையில் வருவதில் நிறையச் சீனி கலந்தது. சீனி விலை குறைவு, கருப்பட்டி விலை அதிகம், அதனால் கலக்கிறார்கள். நான் பார்க்கிற அடையாளம்: உடைத்தால் உள்ளே மங்கலான கரும்பழுப்பாக இருக்க வேண்டும். பளிச்சென்று சீனிமணி மாதிரி மின்னினால் சந்தேகம்தான். நாக்கில் வைத்தால் இனிப்போடு லேசான கரிப்பும் ஒரு புகை வாடையும் தெரியும். சீனி கலந்ததில் இனிப்பு மட்டும்தான் எட்டிப் பார்க்கும்.

கருப்பட்டிக் காப்பிக்கு ஒரு குறிப்பு. பாலோடு கருப்பட்டியைப் போட்டுக் கொதிக்கவிட்டால் பால் திரிந்துபோகும் வாய்ப்பு அதிகம். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டி (மணல், சுண்ணாம்புத் துகள் இருக்கும், வடிகட்டாமல் விடாதீர்கள்), காப்பித்தூளும் தட்டிய சுக்கும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துச் சற்று ஆறிய பிறகு பால் ஊற்றுங்கள். பால் இல்லாமல் கடுங்காப்பியாகக் குடிப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரம் இழுத்து இளகும். அந்தக் காலத்தில் புகை படுகிற மாதிரி அடுப்படிப் பரணில் வைப்பார்கள். இப்போது காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் சரி.

நல்லூர்வாசி:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இதை வாசிக்க எனக்கு அளவில்லாத சந்தோசம். எங்கள் பக்கம் இதைப் பனங்கட்டி என்போம். சிரட்டைக்குப் பதிலாகப் பனை ஓலையில் பின்னிய சின்னக் குட்டானுக்குள் பாகை ஊற்றுவார்கள். குட்டானோடேயே சந்தையில் விற்கும். ஓலையை உரித்துத் துண்டு போட்டு, வெறுந்தேத்தண்ணியை (பால் விடாத தேநீரை) குடித்துக்கொண்டு இடையிடையே கடிப்போம். தேத்தண்ணிக்குள் கரைப்பதில்லை. வாயில் கசப்பும் இனிப்பும் மாறி மாறி வரும், அந்தச் சுகம் கரைத்துக் குடித்தால் கிடையாது.

எனக்கு அதைவிடவும் பிடித்தது பனாட்டு. பனம்பழத்தைப் பிசைந்து களி எடுத்து, பாயில் படையாக ஊற்றி வெயிலில் காயவைத்து, அதன்மேல் திரும்பவும் ஊற்றிக் காயவைத்து எடுப்பது. கொழும்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும் என்றால் முதலில் கட்டுவது இதைத்தான்.

தேரிக்காட்டான்:
அண்ணே, குட்டான் பற்றிச் சொன்னது அருமை. இங்கே பனாட்டு பார்ப்பது அரிதாகிவிட்டது. நாங்கள் பனம்பழத்தைச் சுட்டுச் சப்புவதோடு சரி.

பாளையங்கோட்டைப் பையன்:
தின்பண்டம் என்று வந்தால் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலை, வெல்லப்பாகு, மேலே நிறம் சேர்த்த தேங்காய்ப்பூ. 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல்லில் ஒட்டாமல் கடக்கென்று உடைந்தால் பாகின் பதம் சரி. வண்டி கோவில்பட்டியில் நின்றால் இறங்கி வாங்காமல் வர மனசு வராது.

ரயில்சிநேகம்:
அப்படியே வடக்கே வந்தால் மணப்பாறை முறுக்கு. அரிசிமாவோடு சீரகமும் ஓமமும். முதலில் அரைவேக்காடாகப் பொரித்து எடுத்து, ஆறவைத்து, இரண்டாம் முறை எண்ணெயில் போடுவார்கள். அந்த மொறுமொறுப்பு இதனால்தான். ஊர்த் தண்ணீரின் லேசான உப்பும் ஒரு காரணம் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள்.

கோலப்பொடி:
துணி, சாப்பாடு இரண்டும் பேசியாகிவிட்டது. கைவேலைக்கு வருவோம். நான் கொஞ்ச காலமாகச் சிக்குக் கோலத்தைத் துணியில் தைக்கிறேன். இதைப் போல எனக்கு மனசு நிறைந்த வேலை வேறில்லை.

சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைந்து போய்த் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். அதுவே தையலுக்கு வசதி. ஒரே கோட்டில் முடிகிற கோலமாகத் தேர்ந்தெடுத்தால், நடுவில் நூலை வெட்டி அடுத்த இடத்துக்குத் தாவ வேண்டியதில்லை. நான் ரன்னிங் ஸ்டிச்சில் ஒரு சுற்று முழுக்கப் போய்விட்டு, அதே கோட்டில் இரண்டாம் சுற்றும் போவேன். முதல் சுற்றில் மேலே இடைவெளி விட்ட இடங்களை இரண்டாம் சுற்று நிரப்பிவிடும். கோடு விடுபடாமல் கிடைக்கும், துணியின் பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருக்கும்.

தொடங்குகிறவர்கள் 7 புள்ளி, 4 வரை இடைப்புள்ளி எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 7, இரண்டு பக்கமும் 6, 5, 4 என்று மொத்தம் 37 புள்ளி. ஒரு குர்தாவின் கழுத்துக்குக் கீழே அழகாக உட்காரும். புள்ளிகளைத் துணியில் சுண்ணக்கட்டியால் வைத்துவிட்டு, கோட்டை வரையாமல் ஊசியாலேயே போட்டுப் பாருங்கள். வாசலில் கை போகிற மாதிரியே ஊசியும் போகும். கோலம் போடத் தெரிந்த கை என்றால் வெகு சீக்கிரம் பழகிவிடும். இரண்டு இழை நூல் போதும், துணி கனமாக இருந்தால் மூன்று. மெல்லிய வாயில் (voile) துணியில் இந்தத் தையல் துணியைச் சுருட்டிவிடும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கோலத்தில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று வியந்தவர்களில் முக்கியமானவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி. 1970களில் அவரும் ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோரும் கோலங்களைக் கணினி அறிவியலின் கண்ணால் ஆராய்ந்தார்கள். சொற்களை அடுக்கி வாக்கியம் அமைக்க இலக்கண விதி இருப்பது போல, கோலத்தின் துண்டுகளை அடுக்கிப் படம் அமைக்கவும் விதிகள் எழுதலாம் என்று காட்டினார்கள். நம் பாட்டிகள் நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைத்திருந்த கோலங்களை அப்படிப் பார்க்கத் தொடங்கியபோது, சின்னக் கோலத்திலிருந்து பெரியதை வளர்த்தெடுப்பது எனக்கு எளிதாகிவிட்டது. ஒரு மூலையை மட்டும் சரியாக அமைத்துத் திருப்பித் திருப்பிப் போட்டால் போதும்.

நீலமலை:
கோலப்பொடி, பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருக்கும் என்று எழுதியதும் எனக்குத் தோடர் பூவேலை நினைவுக்கு வந்தது. நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் போடுவது. முன்கூட்டி எதையும் வரைவதில்லை. துணியின் இழைகளைக் கண்ணாலேயே எண்ணி ஊசியை விடுவார்கள். அவர்கள் போர்த்துகிற சால்வையை இரண்டு பக்கமும் உடுத்தலாம். 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரிய சால்வை வாங்க முடியாதவர்கள் சிறிய பை, பர்ஸ் என்று தொடங்கலாம். ஆனால் ஊட்டியில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிற எல்லாமே தோடர் கைவேலை கிடையாது. எந்திரத்தில் போட்ட நகல்களும் இருக்கின்றன. அடர்த்தியைத் தொட்டுப் பாருங்கள். கைவேலை துணிக்கு மேலே நன்றாக எழும்பி நிற்கும்.

வாடகைவீடு:
நாங்கள் இருப்பது சின்ன வாடகை வீடு. சோபா வாங்கினால் நடக்க இடமில்லை. அதனால் கூடத்தில் பவானி ஜமக்காளம், படுக்க பத்தமடைப் பாய். இரண்டையும் ரசித்து ரசித்துப் புழங்குகிறோம்.

பவானி ஜமக்காளம் காவிரியும் பவானியும் கூடுகிற ஊரில் நெய்வது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரின் மில் துணிக்குப் போட்டியாக அங்கிருந்த ஜங்கமர் சமூகத்து நெசவாளர்கள் கெட்டிநூலில் வண்ணப்பட்டைகளோடு விரிப்பு நெய்யத் தொடங்கினார்கள். விருந்தாளி வந்தால் விரிக்கலாம், பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம், மடித்து அலமாரியில் வைத்துவிடலாம். ஜமக்காளத்தைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. அப்படியும் விசைத்தறிச் சரக்கு பவானி என்ற பெயரில் விற்கிறது. கையில் தூக்கிப் பாருங்கள். கைத்தறி ஜமக்காளம் கனமாக இருக்கும், தரையில் போட்டால் நழுவாமல் படியும்.

பத்தமடைப் பாய்க்குத் தாமிரபரணிக் கரையில் விளைகிற கோரை. கோரையைக் கிழித்துக் காயவைத்து, ஆற்றுத் தண்ணீரில் சுமார் ஒரு வாரம் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து நெய்வார்கள். பாவுக்கு, அதாவது நீளவாட்டில் ஓடுகிற இழைக்கு, பருத்தி நூல். பாவு நூல் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு மெல்லிசு. பாவு நூல் எண்ணிக்கை 100, 140 என்று போகிற மெல்லிய பாய்தான் பட்டுப்பாய், அதைத் துணி மாதிரி மடிக்கலாம். கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரை நெய்து தருவதும் உண்டு. அது சீருக்கு. அன்றாடம் படுக்க முரட்டு ரகமே போதும், விலையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கோடையில் மெத்தையைச் சுருட்டிவிட்டு இதில் படுத்தால் முதுகு குளிர்ந்து கிடக்கும்.

நடுத்தெரு அவர்கள் சொன்ன விலை விஷயத்துக்கு என் பதில் இது: எல்லாக் கைவேலையும் எட்டாத விலை கிடையாது. சேலையில் எட்டாதது பாயில் எட்டும்.

பூவரசு:
பாய் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காதா?

வாடகைவீடு:
ஈரத்தரையில் விரிக்காமல் இருந்தால் பிடிக்காது. வாரம் ஒருமுறை நிழலில் காற்றாட நிறுத்தி வையுங்கள். தண்ணீர் கொட்டினால் உடனே துடைத்துவிடுங்கள். முரட்டுப் பாயை மடிக்காதீர்கள், சுருட்டியே வையுங்கள். மடித்த இடத்தில் கோரை ஒடியும்.

நடுத்தெரு:
வாடகைவீடு சொன்னதை ஏற்கிறேன். பாயும் கருப்பட்டியும் கடலைமிட்டாயும் எங்கள் வீட்டுக் கணக்குக்குள் வருபவை. ஒரு கேள்வி. இவ்வளவு படித்த பிறகு அம்மாவுக்கு ஒரு முடிச்சுச் சுங்குடி வாங்கித் தர ஆசை வந்துவிட்டது. எங்கே போனால் ஏமாற்றம் இல்லாமல் வாங்கலாம்? அம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஜரிகைக் கரை கனமாக இருந்தால் கட்ட மாட்டார்.

வைகைக்கரை:
ரொம்ப சந்தோஷம் அண்ணா. பெரிய ஜரிகைக் கரை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நூல்கரை போட்டதும், கரையே இல்லாமல் உடல் முழுக்கப் புள்ளியாக வருவதும் இருக்கின்றன. எடையும் குறைவு, ஜரிகை இல்லாததால் விலையும் இறங்கும். முடிச்சு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு விலை. புள்ளி அகலமாக இடைவெளி விட்டு வருகிற சேலையைக் கேளுங்கள், அதுவும் முழுக்கக் கைவேலைதான். மதுரைக்கு வந்தால், முடிச்சுப் போடுகிற குடும்பங்களிடம் நேராக எடுத்து விற்கிற கடை எது என்று விசாரித்துப் போங்கள். முடிச்சு அவிழ்க்காத ஒரு துண்டைக் காட்டச் சொன்னால் அப்படிப்பட்ட கடையில் கட்டாயம் காட்டுவார்கள்.

நெசவுச் சேலை எதுவானாலும் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய அரசு 2006ல் கொண்டுவந்த முத்திரை அது. 1935லிருந்து இயங்கும் கோ-ஆப்டெக்ஸில் நெய்தவரின் படத்தை அட்டையில் போட்டுச் சேலை விற்றிருக்கிறார்கள். அப்படி அட்டை வைத்த சேலையைக் கையில் எடுத்தால் யாருடைய உழைப்புக்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரியும். எல்லாக் கடையிலும் அது வர வேண்டும் என்பது என் ஆசை.

சாயக்காரத்தெரு:
துவைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை சோப்பு போடாதீர்கள். கல்லுப்பு கரைத்த குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, தனியாக அலசி, முறுக்காமல் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். அடர்சிவப்பும் கருநீலமும் முதல் இரண்டு மூன்று அலசலில் கொஞ்சம் சாயம் விடும், அதற்குப் பயப்பட வேண்டாம், வேறு துணியோடு மட்டும் சேர்க்காதீர்கள். அம்மாவுக்கு விறைப்பு பிடிக்கும் என்றால் லேசாகக் கஞ்சி போடலாம். வாங்கும்போது இன்னொன்று: அவர்கள் கடுமையாக இஸ்திரி போட்ட சேலையை நீட்டினால், இஸ்திரி போடாததை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

நடுத்தெரு:
நன்றி. அம்மாவுக்கு அரக்கு நிறம்தான் பிடிக்கும். அரக்கில் அகலப்புள்ளி, நூல்கரை என்று குறித்துக்கொண்டேன். பங்குனியில் மதுரைப் பக்கம் வருகிறோம். தேரிக்காட்டான் தம்பி, அப்போது கருப்பட்டி புதிதாக வந்திருக்குமா?

தேரிக்காட்டான்:
பங்குனியில் காய்ச்சத் தொடங்கியிருப்பார்கள் அண்ணே. சித்திரை பிறந்த பிறகு வந்தால் இன்னும் நல்ல சரக்கு கிடைக்கும். அதிகாலையில் வந்தால் மரத்தடியிலேயே பனையோலைப் பட்டை பிடித்துப் பதநீர் குடிக்கலாம்.